பர்மா 1948–1962: கடன் கொடுத்த ஆட்சி திரும்பி வராத கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"இந்த நாட்டுக்கு ஒரு இரண்டு வருடம் இராணுவ ஆட்சி வந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும்." டீக்கடையில், ரயிலில், கல்யாணப் பந்தியில் இந்தப் பேச்சைக் கேட்காத தமிழர் இருக்க மாட்டார். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்கு வயிற்றைப் பிசையும். எங்கள் வீடு ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த வீடு. பர்மாவைப் பற்றிப் பேசப்போகும் இடங்களில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பர்மா என்று சொல்வதா, மியான்மர் என்று சொல்வதா?

1989இல் இராணுவ அரசு ஆங்கிலப் பெயரை மாற்றியது. நான் பேசும் காலத்தில் அது பர்மாதான், தலைநகரம் ரங்கூன்தான். அதனால் அந்தப் பெயர்களையே எழுதுகிறேன்.

அங்கே உண்மையிலேயே ஜனநாயகம் இருந்ததா? எப்போதும் இராணுவம்தானே ஆண்டது?

இருந்தது. இன்றைக்குப் பலருக்கும் தெரியாமல் போனது இதுதான்.

1948 ஜனவரி 4 அன்று, சோதிடர்கள் குறித்த நல்ல நேரமான அதிகாலை 4.20 மணிக்குப் பர்மா சுதந்திரம் பெற்றது. எழுதப்பட்ட அரசியலமைப்பு, இரண்டு அவைகள் கொண்ட நாடாளுமன்றம், தனித்து நிற்கும் உச்ச நீதிமன்றம், அரசைக் கடுமையாக விமர்சிக்கும் பத்திரிகைகள் எல்லாம் இருந்தன. 1951–52, 1956, 1960 என்று மூன்று பொதுத் தேர்தல்கள் நடந்தன. பிரதமர் ஊ நூ பக்திமான், நேர்மையானவர். நேருவுக்கு நண்பர். 1961இல் ஐக்கிய நாடுகள் சபையின் தலைமைச் செயலாளர் பொறுப்பை ஏற்ற ஊ தாண்ட் அந்த ஜனநாயகப் பர்மாவின் பிள்ளை. ஆசியாவிலேயே நன்றாக வரப்போகிற நாடுகளில் ஒன்று என்று பலரும் அதை மதித்தார்கள். அரிசி ஏற்றுமதி, தேக்கு, எண்ணெய், எழுத்தறிவு என்று நம்பிக்கை கொள்ளக் காரணங்களும் நிறைய இருந்தன.

அப்படியானால் பிறக்கும்போதே என்ன குறை?

சுதந்திரத்துக்கு ஆறு மாதம் முன்பே நாடு தன் தலைவரை இழந்துவிட்டது. 1947 ஜூலை 19 காலை, ரங்கூன் தலைமைச் செயலகத்தில் அமைச்சரவைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, அரசியல் எதிரியான ஊ சா அனுப்பிய ஆட்கள் துப்பாக்கியோடு உள்ளே நுழைந்தார்கள். சுதந்திரப் போராட்டத்தின் தலைவர் ஆங் சான் அங்கேயே இறந்தார். வயது 32. அவருடன் இறந்தவர்களில் கல்வி அமைச்சர் அப்துல் ரசாக்கும் ஒருவர். புதிய நாட்டின் முதல் அமைச்சரவை ஆகியிருக்க வேண்டியவர்கள் ஒரு மேசையைச் சுற்றி விழுந்து கிடந்தார்கள்.

மலைநாட்டு இனங்களான ஷான், கச்சின், சின் மக்களின் தலைவர்கள், பர்மாவோடு சேர்ந்து ஒரே நாடாக இருக்க ஒப்புக்கொண்டு 1947 பிப்ரவரியில் பாங்லாங்கில் கையெழுத்திட்டது ஆங் சான் என்ற மனிதரை நம்பித்தான். அவர் போனபின் அந்த நம்பிக்கையைக் கட்டிக்காக்க ஆள் இல்லை. 1948 மார்ச்சில் கம்யூனிஸ்டுகள் ஆயுதம் எடுத்தார்கள். 1949 தொடக்கத்தில் கரேன் மக்களின் கிளர்ச்சி வெடித்து, ரங்கூனை ஒட்டிய இன்செயின் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது பர்மா அரசை "ரங்கூன் அரசு" என்றே கேலியாகச் சொல்வார்கள். அதற்கு மேல் அதன் கை நீளவில்லை. பிறகு சீனாவில் மாவோவிடம் தோற்ற கோமின்டாங் படைகள் ஷான் மலைகளில் வந்து தங்கிவிட்டன. அவர்களைத் துரத்தச் சென்ற பர்மா இராணுவம் 1952இல் ஷான் மாநிலத்தின் சில பகுதிகளில் இராணுவ நிர்வாகத்தை அமைத்தது. மாவட்டம் ஒன்றை எப்படி ஆள்வது என்று பட்டாளம் பாடம் படித்த முதல் பள்ளிக்கூடம் அது.

நே வின் யார்?

இயற்பெயர் ஷூ மாங். அஞ்சலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர். 1941இல் ஜப்பானியர்களிடம் ஹைனான் தீவில் இராணுவப் பயிற்சி பெற்ற "முப்பது தோழர்களில்" ஒருவர். ஆங் சானுடன் சேர்ந்தவர். சூரியனைப் போல ஒளிர்பவன் என்ற பொருளில் நே வின் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1949 பிப்ரவரியில், கரேன் கிளர்ச்சி மூண்ட நேரத்தில், கரேன் இனத்தவரான தலைமைத் தளபதி ஸ்மித் டன் விலக்கப்பட்டு அந்த இடத்துக்கு நே வின் வந்தார். அடுத்த பத்தாண்டு பெரும்பாலும் குதிரைப் பந்தயத்திலும் கோல்ஃப் மைதானத்திலும் காணப்பட்டவர் என்பதால், அரசியல்வாதிகள் அவரை ஆபத்தானவராக எண்ணவில்லை.

1958இல் நடந்ததை ஏன் நீங்கள் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறீர்கள்? ஆட்சிக் கவிழ்ப்பு 1962இல்தானே?

தேதி 1962தான். ஆனால் சாவி கைமாறியது 1958இல்.

சுதந்திரத்தைப் பெற்றுத் தந்த ஆளுங்கட்சி, பாசிச எதிர்ப்பு மக்கள் சுதந்திர முன்னணி, 1958இல் நடுவே பிளந்தது. கொள்கைச் சண்டை என்பதைவிட ஆள் சண்டை என்பதே பொருத்தம். ஊ நூவும் தக்கின் டின்னும் ஒரு பக்கம். பா ஸ்வேயும் சா நியேனும் மறுபக்கம். இரு தரப்பும் தங்களுக்கு வைத்துக்கொண்ட அடைமொழிகள் "தூய" அணி, "நிலையான" அணி. ஜூன் மாதம் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. ஊ நூ எட்டு வாக்குகளில் தப்பினார். அதுவும் இடதுசாரிகள், சிறுபான்மை இன உறுப்பினர்கள் கைகொடுத்ததால். கம்யூனிஸ்டுகளோடு பத்தாண்டாகச் சண்டையிட்டு வந்த இராணுவ அதிகாரிகளுக்கு இது பொறுக்கவில்லை. பிரதமர் கம்யூனிஸ்டுகளின் பிடிக்குப் போய்விட்டார் என்று பேச ஆரம்பித்தார்கள். ஊருக்கு ஊர் இரு அணிக்காரர்களும் ஆயுதம் தாங்கிய ஆட்களை வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

செப்டம்பரில் ரங்கூனைச் சுற்றிப் படைகள் நகர்ந்தன. ஆங் ஜீ, மாங் மாங் என்ற இரு அதிகாரிகள் பிரதமரிடம் போய், கீழ்மட்ட அதிகாரிகள் கொதித்துப்போயிருக்கிறார்கள், எதுவும் நடக்கலாம் என்று சொன்னார்கள். மிரட்டல் என்று சொல்லவும் முடியாது, மிரட்டல் இல்லை என்று சொல்லவும் முடியாது. செப்டம்பர் 26 அன்று ஊ நூ வானொலியில் பேசினார். ஜெனரல் நே வின்னை ஆட்சி அமைக்கத் தாமே அழைத்திருப்பதாகவும், ஆறு மாதத்தில் நியாயமான தேர்தலை நடத்தித் தரும்படி கேட்டிருப்பதாகவும் அறிவித்தார். அக்டோபர் 28 அன்று நாடாளுமன்றம் கூடி, நே வின்னைப் பிரதமராகத் தேர்ந்தெடுத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். துப்பாக்கி வெடிக்கவில்லை. ஒரு சட்டமும் மீறப்படவில்லை. வீட்டுக்குள் அண்ணன் தம்பி சண்டை முற்றிப்போய், அடுத்த தெரு வலுவான ஆளிடம் "ஆறு மாதம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வீட்டுச் சாவியைக் கொடுத்ததற்குச் சமம் இது. கொடுத்தவர் நல்லவர். வாங்கியவர் அப்போது வெறுக்கத்தக்கவராகவும் இல்லை. ஆறு மாதம் முடிந்தபோது வேலை முடியவில்லை என்றார்கள். நாடாளுமன்ற உறுப்பினராக இல்லாத ஒருவர் ஆறு மாதத்துக்கு மேல் அமைச்சராக இருக்கக் கூடாது என்ற அரசியலமைப்பின் 116ஆம் பிரிவை, 1959 பிப்ரவரியில் நாடாளுமன்றமே திருத்திக் கொடுத்தது. ஆறு மாதம் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டானது.

அந்த இராணுவ ஆட்சி நன்றாகத்தானே நடந்தது?

நன்றாகத்தான் நடந்தது. என்னிடம் வாதம் செய்கிறவர்கள் இதைச் சொன்னவுடன் வெற்றிபெற்றுவிட்டதாக நினைப்பார்கள். எனக்கோ கதையிலேயே வலிக்கிற இடம் இது.

ரங்கூன் தெருக்களில் குப்பை அள்ளப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுமக்களைத் திரட்டித் துப்புரவுப் பணி செய்ய வைத்தார்கள். உள்நாட்டுப் போரில் ஓடிவந்து நகரத்தில் குடிசை போட்டிருந்த லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை லாரிகளில் ஏற்றி ஒக்கலாபா, தாக்கேட்டா என்ற புதிய குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். விலைவாசி இறங்கியது, கொள்ளை குறைந்தது, அலுவலகத்தில் எழுத்தர்கள் நேரத்துக்கு வந்தார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள் பாராட்டின. எங்கள் அப்பத்தாகூட அந்தக் காலத்தை "பட்டாளத்தான் வந்த நல்ல காலம்" என்றுதான் கடைசிவரை சொன்னார். சாக்கடை நாற்றம் போனதை அவர் கண்ணால் பார்த்தவர். அவரிடம் நான் என்ன வாதாடுவது?

ஆனால் அதே மாதங்களில் கண்ணுக்குப் படாமல் வேறு சில காரியங்களும் நடந்தன. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

1951இல் சிப்பாய்களுக்கு மலிவு விலையில் சாமான் விற்பதற்காகத் தொடங்கப்பட்ட ஒரு பண்டசாலை இருந்தது. பாதுகாப்புப் படைகள் நிறுவனம் என்று பெயர். தகர டப்பாவில் அடைத்த மீன், சோப்பு, துணி விற்ற அந்தக் கடை, 1960 வாக்கில் வங்கி, கப்பல் நிறுவனம், மீன்பிடித் தொழில், ஓட்டல், ரங்கூனின் புகழ்பெற்ற பல்பொருள் அங்காடி என்று எல்லாவற்றையும் கையில் வைத்திருந்தது. நாட்டிலேயே பெரிய வணிக நிறுவனம் அதுதான். சம்பளத்துக்கு நாடாளுமன்றத்தை எதிர்பார்த்திருந்த இராணுவம், தனக்கென்று ஒரு கல்லாப்பெட்டியை வைத்துக்கொண்டது. சொந்தக் கல்லா வந்த பட்டாளம் யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லை.

இரண்டாவது, சிறை. 1959இல் அந்தமானுக்கு வடக்கே உள்ள பெரிய கோக்கோ தீவில், விசாரணை இல்லாமல் பிடித்தவர்களை அடைக்க ஒரு சிறைக் குடியிருப்பு அமைக்கப்பட்டது. நல்லாட்சி என்று ஊரே மெச்சிய காலத்தில் கட்டிய சிறை அது. பின்னால் நே வின் தன் அரசியல் எதிரிகளை அடைக்க அந்த இடம் தயாராக இருந்தது.

1960இல் தேர்தல் நடத்தி ஆட்சியைத் திருப்பிக் கொடுத்தார்களே! அது நல்ல எண்ணத்துக்குச் சான்று இல்லையா?

கொடுத்தார்கள். 1960 பிப்ரவரியில் நடந்த தேர்தல் நியாயமான தேர்தல். இராணுவத்துக்குப் பிடித்தது "நிலையான" அணி. மக்கள் அள்ளிக் கொடுத்தது ஊ நூவுக்கு. அவருடைய கட்சிக்குரிய வாக்குப் பெட்டியின் நிறம் மஞ்சள், பிக்குகளின் காவி உடையை நினைவூட்டும் நிறம். தெருவைப் பெருக்கியதற்கு நன்றி சொன்ன அதே மக்கள், ஆள்வதற்குத் தங்கள் ஆளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். குடிசையைப் பிய்த்தெறிந்த கோபமும் அந்த வாக்கில் இருந்தது.

இராணுவ அதிகாரிகள் இதிலிருந்து கற்றது வேறு பாடம். நாங்கள் இவர்களைவிட நன்றாக ஆள்வோம். ஆனால் தேர்தல் என்று வைத்தால் ஜெயிக்க மாட்டோம். இந்த இரண்டு நினைப்பும் ஒரே மண்டையில் சேர்ந்துவிட்டால் மூன்றாவதாக என்ன தோன்றும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஊ நூ செய்த பெரிய தவறு எது?

தேர்தலில் கொடுத்த ஒரு வாக்குறுதி. பௌத்தத்தை அரசு மதமாக ஆக்குவேன் என்றார். 1961 ஆகஸ்டில் அரசியலமைப்பைத் திருத்தி ஆக்கியும் விட்டார். கிறிஸ்தவர்கள் நிறைந்த கச்சின் மலைகளில் அந்த ஆண்டு தொடக்கத்திலேயே கிளர்ச்சிப் படை உருவாகியிருந்தது. இது எரிகிற தீயில் எண்ணெய் ஆனது. மற்ற மதத்தினர் பயப்படுகிறார்களே என்று, அவர்கள் தங்கள் மதத்தைக் கற்பிக்கும் உரிமைக்குப் பாதுகாப்புத் தந்து இன்னொரு திருத்தம் கொண்டுவந்தார். இப்போது பிக்குகளில் தீவிரமானவர்கள் கொதித்தார்கள். வடக்கு ஒக்கலாபாவில் மசூதிப் பிரச்சினை கலவரமானது. எல்லோரையும் திருப்திப்படுத்த நினைத்து எல்லோரிடமும் கெட்ட பெயர் வாங்கினார்.

அவர் கெட்ட மனிதர் அல்லர். ஆனால் பெரும்பான்மையின் பக்தியை வாக்குப் பெட்டிக்குள் கொண்டுவந்தால், பிறகு அதைத் தன்னால் கட்டுப்படுத்த முடியும் என்று நம்பினார். அதை நான் மன்னிக்கத் தயங்குகிறேன்.

ஷான் தலைவர்கள் நாட்டைப் பிரிக்கப் பார்த்ததால்தான் இராணுவம் தலையிட்டது என்கிறார்களே?

இராணுவம் சொன்ன காரணம் அது. நடந்தது இது.

1947 அரசியலமைப்பே, சுதந்திரம் பெற்றுப் பத்தாண்டுகள் கழித்து ஷான், கயா மாநிலங்கள் விரும்பினால் பிரிந்துபோகலாம் என்று உரிமை தந்திருந்தது. 1958இல் அந்தக் கெடு முடிந்தது. ஆனால் 1961–62இல் ஷான் தலைவர்களில் பெரும்பாலோர் கேட்டது பிரிவினை அல்ல, உண்மையான கூட்டாட்சி. பர்மியர்கள் வாழும் சமவெளியும் ஒரு மாநிலமாக ஆக வேண்டும், எல்லா மாநிலங்களும் சமமாக இருக்க வேண்டும், மத்திக்குக் குறிப்பிட்ட அதிகாரங்கள் மட்டும் போதும் என்றார்கள். மாநில சுயாட்சி பற்றிய பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் திடுக்கிட ஒன்றும் இல்லை. இதை முன்னின்று பேசியவர்களில் ஒருவர் சாவோ ஷ்வே தைக். நாட்டின் முதல் குடியரசுத் தலைவராக இருந்தவர்!

ஊ நூ அவர்களைப் பேச அழைத்தார். 1962 பிப்ரவரி இறுதியில் ரங்கூனில் மாநாடு தொடங்கியது. உள்நாட்டுச் சண்டைக்கு மருந்து இருந்த ஒரே இடம் அந்தப் பேச்சுவார்த்தை மேசை. அதற்குப் பேசப் பல வாரம் வேண்டும். கிடைத்தது சில நாள்தான்.

1962 மார்ச் 2 அன்று என்ன நடந்தது?

முந்தைய நாள் மாலை ரங்கூனில் சீன பாலே நடனக் குழுவின் நிகழ்ச்சி. ஜெனரல் நே வின் பார்வையாளராக வந்திருந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் அமைதியாகப் புறப்பட்டுப் போனார்.

நள்ளிரவு தாண்டியபின் இராணுவ வண்டிகள் நகரத்துக்குள் வந்தன. பிரதமர் ஊ நூ, குடியரசுத் தலைவர், அமைச்சர்கள், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி மியின்ட் தேன், மாநாட்டுக்கு வந்திருந்த ஷான், கயா தலைவர்கள் என்று வரிசையாக வீட்டிலேயே கைது. சாவோ ஷ்வே தைக்கின் வீட்டில் மட்டும் துப்பாக்கி வெடித்தது. அவருடைய 17 வயது மகன் சுடப்பட்டு இறந்தான். அந்த நவம்பரில் தந்தையும் சிறையிலேயே இறந்தார். சிபா சமஸ்தானத்தின் இளம் தலைவர் சாவோ க்யா செங், ஷான் மாநிலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டார். அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை. ஆஸ்திரியாவில் பிறந்த அவர் மனைவி கணவர் எங்கே என்று கேட்டு எழுதிய கடிதங்களுக்கு இராணுவம் ஒழுங்கான பதில் தரவே இல்லை.

காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு வானொலியில் நே வின்னின் குரல். நாட்டின் நிலைமை மிகவும் சீர்கெட்டுவிட்டதால் அதைக் காக்கும் பொறுப்பைப் படைகள் ஏற்றுக்கொண்டுள்ளன, மக்கள் வழக்கம்போல் தங்கள் வேலையைப் பார்க்கலாம் என்றது அந்தச் சுருக்கமான அறிவிப்பு. மக்களும் வழக்கம்போல் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். கடைகள் திறந்தன.

ஏன் யாரும் எதிர்க்கவில்லை?

ஏனென்றால் 1958ஐ அவர்கள் பார்த்திருந்தார்கள். வந்தார்கள், பெருக்கினார்கள், போனார்கள். இந்த முறையும் அப்படித்தான் என்று நினைத்தார்கள். அரசியல்வாதிகளின் சண்டையைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு ஒருவித நிம்மதிகூட இருந்தது. 1958இல் பட்டாளம் நல்லபடியாக நடந்துகொண்டதுதான் 1962இல் மக்களின் வாயைக் கட்டியது. நே வின் முதல் முறையே கொடுங்கோலராக வந்திருந்தால் இரண்டாவது முறை இவ்வளவு எளிதாக வந்திருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

இது வேறு மாதிரி என்று எப்போது புரிந்தது?

மாணவர்களுக்கு ஜூலையில் புரிந்தது. ரங்கூன் பல்கலைக்கழக விடுதியில் இரவு நேரக் கட்டுப்பாடுகள் கொண்டுவரப்பட்டன. மாணவர்கள் எதிர்த்தார்கள். ஜூலை 7 மாலை வளாகத்துக்குள் படை புகுந்து சுட்டது. அரசு ஒப்புக்கொண்ட சாவு எண்ணிக்கை பதினைந்தை ஒட்டியது. அங்கிருந்தவர்கள் நூற்றுக்கும் மேல் என்றார்கள். மறுநாள் விடியும் நேரத்தில் மாணவர் சங்கக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆங் சானும் ஊ நூவும் மாணவர் தலைவர்களாக நின்று வெள்ளையனை எதிர்த்த கட்டடம். ஆங்கிலேயர்கள்கூட அதைத் தொடவில்லை. அன்றே நே வின் வானொலியில், எங்களுக்குச் சவால் விட்டால் வாளுக்கு வாள், ஈட்டிக்கு ஈட்டி என்று மோதுவோம் என்றார்.

நீதிமன்றமும் பத்திரிகையும் என்ன செய்துகொண்டிருந்தன?

தலைமை நீதிபதி சிறையில் இருந்தார். 1968 வரை விடப்படவில்லை. உச்ச நீதிமன்றத்தையும் உயர் நீதிமன்றத்தையும் கலைத்துவிட்டு ஒரே ஒரு நீதிமன்றத்தை அமைத்தார்கள். நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. 17 இராணுவ அதிகாரிகளைக் கொண்ட புரட்சிக் கவுன்சிலே சட்டம், நிர்வாகம், நீதி எல்லாம்.

பத்திரிகைகளை ஒரே நாளில் மூடவில்லை. 1962 ஆகஸ்டில் ஒரு பதிவுச் சட்டம் வந்தது. அச்சகமும் பதிப்பகமும் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டும் என்றது. பார்வைக்கு நிர்வாக நடைமுறை போலத்தான் இருந்தது. 1963 மே மாதம் "தி நேஷன்" நாளிதழ் மூடப்பட்டு, அதன் ஆசிரியர் எட்வர்ட் லா யோன் கைதானார். 1964 மார்ச்சில் ஆளும் பர்மா சோசலிச வேலைத்திட்டக் கட்சியைத் தவிர எல்லாக் கட்சிகளும் தடைசெய்யப்பட்டன. முதல் இரவிலிருந்து இந்த இடத்துக்கு வர முழுதாக இரண்டு ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு படியிலும் இது கடைசிப் படி என்று நம்ப ஆட்கள் இருந்தார்கள்.

தமிழர்களுக்கு என்ன ஆனது?

நேர்மையாகத் தொடங்க வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் கீழ்ப் பர்மாவின் காட்டை வயலாக்கக் கடன் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கிகளில் உட்கார்ந்து அவர்கள் லேவாதேவி செய்தார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழ, கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயியின் நிலம் அவர்கள் கைக்கு வந்தது. முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம். அதில் பிறந்த கசப்பு உண்மையானது. அதை நாம் மறைத்துப் பேசினால் மற்றதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் 1960களில் அந்தக் கசப்புக்கு விலை கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நிலம் பிடித்தவர்கள் அல்லர். சிறு கடைக்காரர்கள், துறைமுகக் கூலிகள், எழுத்தர்கள், தையற்காரர்கள். எங்கள் தாத்தா வைத்திருந்தது ஒரு மளிகைக் கடை. 1964 மார்ச்சில் கடைகள் நாட்டுடைமையானபோது இரண்டு சிப்பாய்களும் ஒரு அதிகாரியும் வந்தார்கள். பருப்பு மூட்டையை எண்ணினார்கள், தராசை எழுதினார்கள், கல்லாவில் இருந்த சில்லறையையும் எண்ணி எழுதினார்கள். சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் வாசலில் பெயர்ப் பலகை மாறி "மக்கள் கடை" என்று ஒரு எண்ணோடு தொங்கியது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. பெரிய முதலாளிகளை ஒடுக்க என்றார்கள். பெட்டியில் பணம் வைத்திருந்தவர்கள் வங்கியை நம்பாத சின்ன மனிதர்கள்தான். தாத்தாவின் நூறு கியாட் நோட்டு ஒன்று எங்கள் வீட்டுத் திருவாசகத்தின் நடுவே இன்னும் இருக்கிறது. நான்காக மடித்த கோட்டில் கிழிந்து, ஓரத்தில் மஞ்சள் கறை படிந்திருக்கிறது.

1960களில் சுமார் மூன்று லட்சம் இந்திய வம்சாவளியினர் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். பலர் அங்கேயே பிறந்தவர்கள், தமிழைவிட பர்மிய மொழியைச் சரளமாகப் பேசியவர்கள். சென்னையில் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய பர்மா பஜார் அவர்களால் வந்தது. அந்தப் பக்கத்துத் தள்ளுவண்டிகளில் விற்கும் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸும் அப்படி வந்ததே. இங்கே ஒட்டாமல், திரும்பவும் பர்மாவுக்கே போய்விடலாம் என்று தரைவழியாகக் கிளம்பியவர்களும் உண்டு. எல்லையில் தடுக்கப்பட்ட அவர்கள் மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள். அந்த எல்லை ஊரில் இன்றும் அங்காள பரமேசுவரிக்குக் கோயில் இருக்கிறது.

அப்படியானால் குற்றம் சோசலிசத்தினுடையதா?

இல்லை என்பேன். அந்த ஜனநாயகத் தலைவர்கள் எல்லோருமே தங்களைச் சோசலிஸ்டுகள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். "சோசலிசத்துக்கான பர்மிய வழி" என்ற 1962 ஏப்ரல் அறிக்கையில் இருந்த வாசகங்களைவிட, அதைக் கேள்வி கேட்க யாரும் இல்லாமல் போனதுதான் நாட்டைக் கெடுத்தது. இராணுவத்துக்குள்ளேயே மிதமாகப் போகலாம் என்ற ஆங் ஜீ 1963 பிப்ரவரியில் வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு தவறைத் தவறு என்று சொல்ல அறையில் ஆள் இல்லை. 1987இல் மறுபடியும் நோட்டுகளைச் செல்லாது என்றார்கள். ஒன்பது ராசியான எண் என்று நம்பிய நே வின், ஒன்பதால் வகுபடும் 45, 90 கியாட் நோட்டுகளை அச்சிட வைத்தார். அரிசி ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் நின்ற நாடு அதே ஆண்டு டிசம்பரில் மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்ந்தது.

1974இல் புதிய அரசியலமைப்பு, தேர்தல் எல்லாம் வந்தனவே?

ஒரே கட்சி போட்டியிட்டது. சீருடையைக் களைந்த நே வின், தளபதி நே வின்னிடமிருந்து அதிகாரத்தைப் பெற்றுக் குடியரசுத் தலைவர் நே வின் ஆனார்.

2021இல் நடந்தது இதே கதையா?

பெரும்பகுதி இதே கதை, ஆனால் இந்த முறை எழுத்தில் இருந்தது. 1988 ஆகஸ்ட் 8 அன்று எழுந்த மக்களைச் சுட்டு அடக்கிய இராணுவம், 1990 தேர்தலில் ஆங் சானின் மகள் ஆங் சான் சூ கீயின் கட்சி ஜெயித்ததை ஏற்கவில்லை. பிறகு 2008இல், நர்கிஸ் புயலில் மக்கள் செத்துக்கொண்டிருந்த வாரத்தில், ஒரு அரசியலமைப்பை வாக்கெடுப்புக்கு விட்டது. நாடாளுமன்றத்தில் கால் பங்கு இடம் இராணுவத்துக்கு. முக்கால் பங்குக்கு மேல் ஆதரவு இல்லாமல் முக்கியப் பிரிவுகளைத் திருத்த முடியாது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் மூன்றும் தளபதியின் ஆட்களிடம். 1958இல் கேட்டு வாங்கிய சாவிக்கு இது நகல் சாவி. 2020 தேர்தலில் சூ கீயின் கட்சி மீண்டும் பெருவெற்றி பெற்றது. புதிய நாடாளுமன்றம் கூட வேண்டிய நாளான 2021 பிப்ரவரி 1 அதிகாலையில் தளபதி மின் ஆங் லைங்கின் படைகள் தலைவர்களைக் கைது செய்தன.

ஒரு பெரிய வேறுபாடு உண்டு. 1962 மார்ச்சில் கடைகள் திறந்தன. 2021 பிப்ரவரியில் மருத்துவர்கள், ரயில்வே ஊழியர்கள், ஆசிரியர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். ஒவ்வொரு இரவும் எட்டு மணிக்கு வீட்டு மாடிகளில் நின்று பாத்திரங்களைத் தட்டினார்கள். தீய ஆவியை விரட்ட அவர்கள் செய்யும் பழைய வழக்கம் அது.

ஊ நூ பிறகு என்ன ஆனார்?

1966 அக்டோபரில் விடுதலையானார். 1969இல் நாட்டை விட்டு வெளியேறி, தாய்லாந்து எல்லையிலிருந்து ஆயுதப் போராட்டம் நடத்திப் பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு பல ஆண்டுகள் நம் நாட்டில் போபாலில் வாழ்ந்தார். 1980இல் பொதுமன்னிப்பில் திரும்பிப்போய், பௌத்த நூல்களை மொழிபெயர்க்கும் பணியில் இருந்தார்.

1988 எழுச்சியின்போது அவருக்கு 81 வயது. அந்தச் செப்டம்பரில் அவர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். 1962இல் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதமர் நான், என்னை யாரும் வாக்களித்து நீக்கவில்லை, ஆகவே சட்டப்படி இன்றும் நானே பிரதமர் என்றார். இளைஞர்களும் மற்ற தலைவர்களும் அவர் பின்னால் திரளவில்லை. இராணுவம் அவரிடம் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறச் சொன்னது. மறுத்தார். 1989 டிசம்பரில் வீட்டுக்காவலில் வைத்தார்கள். 1992இல் விட்டார்கள். 1995 பிப்ரவரி 14 அன்று ரங்கூனில் இறந்தார். அதுவரை அவர் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறவில்லை.